சிறு நாய்களில் இறங்காத விரையும் அதற்குரிய ரண சிகிச்சையும்

ஆண் நாய்க்குக் காயடிப்பது எளிய காரியமென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். விரைகள் இரண்டும் தத்தம் இடத்தில் இருக்குமாயின் அவ்வெண்ணம் தவறன்று. தேர்ந்த கால்நடை வைத்தியருக்கு அது சிறிது நேர வேலையேயாகும். ஆனால் சில நாய்களுக்கு விரைப்பையில் ஒரு விரையே காணப்படும். வேறு சிலவற்றுக்குப் பை முழுவதும் வெறுமையாயிருக்கும். இத்தகைய நாயைக் கொண்டுவருவோர், "மற்றொன்று இதற்குப் பிறவியிலேயே இல்லை, இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டால் போதும்" என்று கேட்பதுண்டு. பிறவியிலேயே விரை இல்லாதிருத்தல் மிக மிக அரிது. கண்ணுக்குத் தென்படாத விரை உடலுக்குள் எங்கேயோ தங்கியிருக்கிறது என்பதே அநேகமாய் உண்மை. அவ்வாறு தங்கிய விரையை உள்ளே விட்டுவிட்டு, வெளியில் தெரிவதை மட்டும் எடுத்துவிடுதல், காயடிக்காமலே விடுவதைக் காட்டிலும் கெடுதியான வேலை. அதன் காரணத்தையும், இவ்விஷயத்தில் நாயின் சொந்தக்காரர் செய்யவேண்டுவனவற்றையும் இங்கே விவரிப்போம்.

மாடு, ஆடு, கோழி ஆகியவற்றைப் பற்றிப் படிக்க விரும்புவோர்க்கு நாயைப் பற்றிய கட்டுரை அற்பமாகத் தோன்றலாம். எனினும் களத்துக் காவல், பட்டிக் காவல், வீட்டுக் காவல் ஆகியவற்றில் நாய்க்குள்ள பங்கு குடியானவர் யாவரும் அறிந்ததே. இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டு ஜாதிகளோடு, பொமரேனியன் என்று வழங்கும் சடைநாய் போன்ற சிறு ஜாதிகளும் இப்போது கிராமத்து வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. விரை இறங்காத குறை எந்த ஜாதியிலும் உண்டாகக்கூடியதாயினும், சிறு ஜாதிகளிலேதான் அது மிகுதி. அன்றியும், இங்கே சொல்லப்படுவதிற் பெரும்பகுதி கிடா, காளை, பன்றி, குதிரை ஆகியவற்றுக்கும் பொருந்துமாதலால், நாய் வளர்க்காதவர்கள் இதைப் படித்தலும் வீணாகாது.

விரை இறங்கும் விதம்

குட்டி கருவிலிருக்கும்போது அதன் விரைகள் வயிற்றினுள் மூத்திரக்காய்களுக்கு அருகிலேயே உண்டாகின்றன. ஒவ்வொரு விரையிலிருந்தும் விரைப்பை வரையில் ஒரு தசைநார் செல்கிறது. இத்தசைநார் முதலில் பருத்து, தொடையிடுக்கிலுள்ள துவாரத்தை அகலமாக்குகிறது. பின்னர் அது சுருங்கும்போது விரை அத்துவாரத்தின் வழியாகக் கீழே வந்து சேருகிறது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இவ்வேலை பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நாய்க்குட்டிக்கோ பிறந்த பின்னரே, சாதாரணமாகப் பத்து நாட்களுக்குள், முடிகிறது. ஆறு முதல் எட்டு வாரக் குட்டியில் இரண்டு விரைகளையும் விரலால் தடவி அறியலாம். அப்போது அகப்படாத விரை சிற்சில சமயங்களில் தாமதித்து இறங்குவதும் உண்டு. ஆனால் ஏறக்குறைய ஆறு மாதத்தில் அத்துவாரம் சுருங்கிவிடுமாதலால், அதற்குமேல் இறங்குமென்று காத்திருப்பதிற் பயனில்லை.

விரை ஏன் உடலுக்கு வெளியே தொங்கவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நாயின் உடல் உஷ்ணம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். இந்தச் சூட்டில் விந்தணுக்கள் உற்பத்தியாகா. விரைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாயிருப்பதாலேயே அங்கு அவை உண்டாகின்றன. (எல்லாப் பிராணிகளுக்கும் இது விதியன்று. சேவலுக்கும் யானைக்கும் விரைகள் வயிற்றினுள்ளேயே இயற்கையாக அமைந்து, குறைவின்றி வேலை செய்கின்றன.) ஆகவே, வயிற்றினுள் தங்கிய நாயின் விரை விந்தணுவை உண்டாக்குவதில்லை. ஆனால் ஆண்தன்மைக்குக் காரணமான ஹார்மோன் என்னும் ரசத்தை அது தடையின்றிச் சுரந்துகொண்டேயிருக்கும். இந்த வேற்றுமையை நன்றாக மனத்திற் கொள்ளவேண்டும். பின்னால் வரும் தொல்லைகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டு விரைகளும் தங்கிவிடுவதைவிட ஒன்றுமட்டும் தங்குவதே அதிகம். இக்குறையுள்ள நாய்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகையவை. அதிலும் நாய்களுக்கு இடப்புறத்தைவிட வலப்புற விரையே பெரும்பாலும் தங்குகிறது. தங்குமிடமும் ஒரே இடமன்று. சிலவற்றில் தொடையிடுக்கில் தோலுக்கடியிலும், சிலவற்றில் துவாரத்தின் நடுவிலும், சிலவற்றில் மூத்திரக்காய்க்கும் மூத்திரப்பைக்கும் இடையில் வயிற்றறையிலும் அது கிடக்கும்.

சோதித்துப் பார்க்கும் முறை

குட்டியை வாங்குமுன் விரைகளைச் சோதித்தல் மிகவும் அவசியம். கன்று வாங்கும்போது சுழி, பல், கால், குளம்பு என்று அங்கம் அங்கமாய்ப் பார்க்கும் குடியானவர், நாய்க்குட்டி வாங்கும்போது நிறத்தையும் சடையையும் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவது வியப்பாயிருக்கிறது.

குட்டி அச்சமின்றி, உடல் சூடாக இருக்கும் வேளையிற் சோதிக்கவேண்டும். குளிரிலோ பயத்திலோ விரையைத் தாங்கும் தசை சுருங்கி, இறங்கிய விரையையே மேலே இழுத்துக்கொள்ளும். அதைக் கண்டு குறையுள்ள குட்டியென்று தள்ளிவிடலாகாது. குட்டியை மல்லாத்தியோ நிற்கவைத்தோ, ஒரு கையால் தொடையிடுக்கிலிருந்து பையை நோக்கி மெல்ல வருடிவிட்டு, மற்றொரு கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பையைத் தடவிப் பார்க்கவேண்டும். சிறு ஜாதிக் குட்டியில் விரை பட்டாணி அளவுக்கு மேற்படாது. ஆயினும் வழவழப்பாக, விரலுக்கு நழுவும் உருண்டையாகத் தட்டுப்படும்.

இங்கே இரண்டு விதமாக ஏமாறுதல் உண்டு. ஆண்குறியின் அடிப்பாகத்தில் இயற்கையாகவே இருபுறமும் புடைத்துக் காணும் ஒரு பகுதி உண்டு. குட்டி உற்சாகமாயிருக்கும்போது அது வீங்கும்; அதை இரண்டு விரைகளென்று எண்ணித் திருப்தியடைபவர் பலர். விரைப்பை அதற்கு வெகு பின்னால், பின்னங்கால்களுக்கு நடுவில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தாற் போதும். மற்றொன்று, தொடையிடுக்கிலுள்ள கொழுப்புக்கட்டியையோ நெறிக்கட்டியையோ விரையென்று கொள்ளுதல். தங்கிய விரை சிறுத்தும் மிருதுவாயும் இருக்குமாதலால் அனுபவமுள்ள வைத்தியருக்கே சில சமயம் ஐயம் தோன்றும். அப்போது அல்ட்ராசவுண்ட் என்னும் ஒலியலைக் கருவியின் துணையைக் கொண்டு விரையின் இருப்பிடத்தை அறிகிறார்கள்.

உள்ளே தங்கிய விரையால் வரும் கெடுதி

தங்கிய விரை பல வருஷங்கள் வரை எவ்விதத் தொந்தரவும் கொடாமலிருக்கலாம். அதனாலேயே சொந்தக்காரர் அதை மறந்துவிடுகிறார். ஆனால் இயற்கைக்கு மாறான சூட்டிற் கிடக்கும் விரையில் கட்டி உண்டாவது, பையில் இறங்கிய விரையைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அதிகமென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாய் நடுவயதைத் தாண்டும்போது இது தோன்றுவது வழக்கம். வெளியில் உள்ள விரை பெருத்தால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றினுள் இருப்பது எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்தாலும் யாருக்கும் தெரியாது.

இக்கட்டிகளுள் ஒருவகை, பெண்தன்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அப்போது காணும் குறிகள் விசித்திரமானவை. ஆண் நாயின் முலைக்காம்புகள் பெருத்துத் தொங்கும், விலாவிலும் தொடையிலும் இருபுறமும் ஒன்றுபோல் ரோமம் உதிரும், தோல் கறுக்கும், மற்ற ஆண் நாய்கள் இதைப் பெட்டையென்று கருதிப் பின்தொடரும். அரிப்பில்லாமல் ரோமம் மட்டும் உதிர்வதைக் கண்டு சொறியென்று எண்ணி, வேப்பெண்ணெயும் கந்தகமும் தடவிக்கொண்டு மாதக்கணக்காய்க் காலங்கழிப்பவர் உண்டு. அதற்குள் அந்த ஹார்மோன் எலும்புகளின் நடுவிலுள்ள மஜ்ஜையைத் தாக்கிவிடுகிறது. ரத்தம் உற்பத்தியாவது அங்கேதான். மஜ்ஜை கெட்டபின் நாய்க்குச் சோகை பிடிக்கும். ஈறுகளிலும் தோலிலும் ரத்தப் புள்ளிகள் தோன்றும். சிறு காயத்திலிருந்தும் ரத்தம் நில்லாமல் வடியும். இந்நிலையில் விரையை எடுத்தாலும் மஜ்ஜை மீளுமென்று உறுதி சொல்ல முடியாது. ஆறுமாதக் குட்டியாயிருக்கையில் சுலபமாய்த் தடுத்திருக்கக்கூடிய மரணம் இது.

மற்றொரு விபத்து, விரை தன் காம்பைச் சுற்றி முறுக்கிக்கொள்ளுதல். பையினுள் கட்டுண்டு கிடக்கும் விரைக்கு இது அபூர்வம். வயிற்றில் அசைந்து திரியும் விரைக்கு, விசேஷமாக அது கட்டியினாற் கனத்திருக்கும்போது, எளிதில் நேரும். நன்றாயிருந்த நாய் திடீரென்று முதுகைக் கூனிக்கொண்டு, வயிற்றைத் தொடவிடாமல், தீனி மறுத்து வாந்தியெடுக்குமாயின், அது ஒற்றை விரை நாயென்பதை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். இது அன்றைக்கே கவனிக்கவேண்டிய காரியம்.

தெரிவதை மட்டும் எடுத்துவிடுவதன் தீங்கு

ஒருவர் தம் சடைநாயை, விரைப்பையில் உள்ள ஒரே விரையை எடுக்கச்செய்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாயின் குணம் மாறுவதில்லை. உள்ளிருக்கும் விரை ஹார்மோனைச் சுரப்பதால், அது முன்போலவே பெட்டையைத் தேடி வேலி தாண்டும். தூண் தூணாய் மூத்திரம் பெய்யும். மற்ற ஆண் நாய்களோடு கடிபடும். தெருவிற் கடிபட்டுத் திரும்பும் நாயினால் வீட்டாருக்கு வெறிநோய்ப் பயம் உண்டென்பதைச் சொல்லவேண்டியதில்லை. உள்ளே தங்கியது தொடையிடுக்கில், அதாவது வயிற்றைவிடச் சற்றுக் குளிர்ந்த இடத்தில், இருக்குமாயின் அதில் விந்தணு உற்பத்தியாகிப் பெட்டை சினைப்படுவதற்கும் இடமுண்டு.

இவை கண்ணுக்குத் தெரியும் தீங்குகள். தெரியாத தீங்கு இதைவிடப் பெரிது. இப்போது அந்நாய்க்குப் பை வெறுமையாயிருக்கிறது. காயடித்த தழும்பும் இருக்கிறது. இரண்டு வருஷங்கழித்து அது வேறொருவர் கைக்கு மாறினால், அவர் அதை முற்றும் காயடித்த நாயென்றே நம்புவார். எட்டு வயதில் ரோமம் உதிர்ந்து முலைக்காம்பு பெருக்கும்போது, அந்த ஊர் வைத்தியரும் தழும்பைக் கண்டு விரையின் நினைவே இல்லாமல் வேறு காரணங்களைத் தேடப் புகுவார். வெளியிலிருந்த விரையே உள்ளே ஒன்று மறைந்திருப்பதற்கு அடையாளமாயிருந்தது; அந்த அடையாளத்தை நாமே அழித்துவிட்டோம். இத்தகைய சந்தேகம் எழும்போது ரத்தத்திலுள்ள ஹார்மோன்களைச் சோதித்து விரை உண்டா இல்லையா என்று அறியும் வழி இப்போது இருக்கிறது. ஆனால் சந்தேகம் எழவேண்டுமே!

ஆதலின், மறைந்த விரையைத் தேடி எடுக்க வசதியில்லாத இடத்தில், வெளியில் தெரியும் விரையிலும் கத்தி வைக்கலாகாது. தேடும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நாயை அப்படியே அனுப்புதல் நலம். இரண்டையும் ஒரே வேளையில் எடுப்பதே முறை. அதிலும் மறைந்ததை முதலில் எடுத்துவிட்டுத் தெரிவதைப் பிறகு எடுப்பது உத்தமம். மறைந்தது அகப்படாமற் போனால் தெரிவதாவது அடையாளமாக நிற்கும்.

இனப்பெருக்கத்துக்கு உதவாமை

ஒற்றை விரை இறங்கிய நாய் மலடன்று. இறங்கிய ஒன்றே போதிய விந்தணுவைத் தருமாதலால் அது பெட்டையைச் சினையாக்கும். இதுதான் ஆபத்து. விரை இறங்காமை பரம்பரையாக வருவது. தகப்பனிடமிருந்து மட்டுமன்று, தாயிடமிருந்தும் குட்டிக்கு வருகிறது. தாய்க்கு விரையில்லாமையால் அவளிடம் குறை வெளிப்படுவதில்லை. ஆயினும் அவள் அதைச் சுமந்து குட்டிகளுக்குக் கொடுக்கிறாள். ஒரு ஈற்றில் இத்தகைய குட்டி ஒன்று பிறந்தால், அதே ஆணையும் பெண்ணையும் மறுபடி இணைக்காமலிருப்பதும், அந்த ஈற்றுக் குட்டிகளை, முழுமையாயிருப்பவற்றையுங்கூட, இனவிருத்திக்கு வைக்காமலிருப்பதும் நலம்.

விரையை இறக்குவதற்கென்று ஊசிமருந்து போடச் சொல்வோரும், உள்ளிருக்கும் விரையை இழுத்துப் பையிலே வைத்துத் தைக்கச் சொல்வோரும் உண்டு. ஊசிமருந்து நம்பத்தக்க பலனை அளிப்பதில்லை. தைத்து வைப்பதோ, குறையுள்ள நாயைக் குறையற்றதாகக் காட்டி விற்பதற்கும் கண்காட்சியில் நிறுத்துவதற்குமே உதவும்; நாய்க்கு அதனால் நன்மையில்லை. முறையாக நடக்கும் நாய்க் கண்காட்சிகளில் இரண்டு விரைகளும் பையில் இருத்தல் வேண்டுமென்பது விதி. வேலையறிந்த வைத்தியர் இத்தகைய வஞ்சனைக்கு உடன்படமாட்டார்.

ரண சிகிச்சையும் சிறு நாயும்

விரை தொடையிடுக்கில் இருந்தால், அதற்கு நேரே தோலைக் கீறி எடுத்துவிடலாம். வயிற்றறையில் இருந்தால் வயிற்றைத் திறந்தே தீரவேண்டும். அங்கே குடல்களின் நடுவில் துழாவித் தேடுவதில்லை. மூத்திரப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள புராஸ்டேட் சுரப்பியில் வந்து சேரும் விந்துக்குழலைக் கண்டுபிடித்து, அதைப் பற்றிக்கொண்டே போனால் மறுமுனையில் விரை அகப்படும். கிணற்றுக்குள் விழுந்த வாளியைக் கயிற்றின் நுனியைப் பிடித்து மேலே கொண்டுவருவது போன்றதே இது. சிறிய துவாரமிட்டுக் கொக்கியை விட்டு இழுக்கும் குறுக்குவழியில், விரையென்று எண்ணிப் புராஸ்டேட்டையே பறித்த விபத்துக்களும், மூத்திரக்குழல் சேதமடைந்த விபத்துக்களும் வைத்திய நூல்களிற் பதிவாகியிருக்கின்றன. எனவே வயிற்றைத் தேவையான அளவு திறந்து, கண்ணாற் கண்டு வேலை செய்யும் வைத்தியரைக் குறை கூறலாகாது. பெரிய தழும்பு அவருடைய எச்சரிக்கைக்கு அடையாளம். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் மெல்லிய குழலில் அமைந்த காமிராவைச் செலுத்தி, இரண்டு மூன்று சிறு துவாரங்களின் வழியே இதே வேலையைச் செய்வதும் உண்டு. 1903-ம் வருஷத்தில் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி முதலியவற்றைச் சார்ந்த ஆஸ்பத்திரிகளுக்கு இத்தகைய நாய்களைக் கொண்டு செல்லலாம்.

நாய் சிறிதாக இருத்தலே இச்சிகிச்சையில் ஒரு சங்கடம். மூன்று கிலோ எடையுள்ள நாயின் உடலில் உள்ள ரத்தமெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய கால் லிட்டரே. பெரிய நாய்க்கு ஒரு பொருட்டாகாத ரத்த நஷ்டம் இதற்குப் பிராணாபத்தாகும். சிறு உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடுமாகையால், மயக்க மருந்து கொடுத்தது முதல் நாய் எழுந்து நிற்கும் வரையில் அதைச் சூடாக வைத்திருக்கவேண்டும். மேலும், சிறு நாய்களின் ஈரலிற் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. நீண்ட பட்டினியால் ரத்தத்திற் சர்க்கரை குன்றி, நாய் நடுங்கி வலிப்புக் காணும். "ஆபரேஷனுக்கு முன் தீனி போடாதீர்கள்" என்று சொன்னதற்காக, முந்தின நாள் மத்தியானம் முதலே பட்டினி போட்டுக் கொண்டுவருவது பெருந்தவறு. எத்தனை மணி நேரம் என்று வைத்தியரிடம் கேட்டு, அதற்கு ஒரு மணியும் கூடாமல் நடக்கவேண்டும். குட்டிகளுக்கு அது மிகக் குறைவாகவே இருக்கும்.

எந்த வயதில் செய்விப்பது என்பதில் வைத்தியர்களிடையே சிறிது அபிப்பிராய பேதமுண்டு. ஆறு மாதத்துக்குப் பின் குறை உறுதியாகிறது. சிறு ஜாதி நாய் ஓராண்டுக்குள் முழு வளர்ச்சி பெற்றுவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் ஏற்றது. ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போடுவது விவேகமன்று. ஆனால் தள்ளிப்போன நாய்க்கும், அது நல்ல நிலையில் இருக்குமாயின், காலங்கடந்துவிட்டதென்று கைவிடவேண்டியதில்லை. நடுவயதைத் தாண்டிய நாயானால், முன்னதாக ரத்தத்தைச் சோதித்து மஜ்ஜையின் நிலையை அறிந்துகொள்வது அவசியம். இக்குறையுள்ள நாய்களுக்குத் தொப்புளிலோ தொடையிடுக்கிலோ குடலிறக்கமும் சேர்ந்திருப்பதுண்டு. சிறு ஜாதிகளில் பாற்பல் விழாமல் நிலைத்த பல்லோடு நெருங்கி நிற்பதும் சகஜம். இவற்றையும் ஒரே மயக்கத்திற் சரிசெய்துகொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது சிக்கனமும் நாய்க்குச் சுகமுமாகும்.

பிற்பாடு செய்யவேண்டியவை

சிகிச்சைக்குப் பின் பத்து நாட்கள் வரை நாயை ஓடவும் குதிக்கவும் விடலாகாது. வயிற்றைத் திறந்திருந்தால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தையலை நக்காதிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பை மாட்டிவிடுவார்கள். பாவமென்று இரக்கப்பட்டு அதைக் கழற்றுவதால் தையல் பிரிந்த நாய்கள் அநேகம். புண்ணில் சாம்பல், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் தடவக்கூடாது. மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்குமாதலால் நாயைத் தொழுவத்திற் கட்டாமல் வீட்டுத் திண்ணையிலோ உள்ளறையிலோ வைத்திருக்கவேண்டும். தையல் போட்ட இடம் வீங்கினாலும், சீழ் அல்லது ரத்தம் கசிந்தாலும், நாய் ஒரு நாளைக்கு மேல் தீனி மறுத்தாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கவேண்டும்.

வலிக்காக மனிதர் உட்கொள்ளும் பாராசிட்டமால், இபுபுரோபென், டைக்ளோபினாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் விஷமிடுவதற்கு ஒப்பாகும். மூன்று கிலோ நாய்க்கு அரை மாத்திரையும் அதிகம். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை மட்டும் அளவறிந்து கொடுக்கவேண்டும்.

ஒரு விரை இறங்கியிருந்த நாய்க்கு, இரண்டையும் எடுத்த பிறகும் குழல்களில் எஞ்சிய விந்தணுக்கள் சில வாரங்கள் வரை இருக்கக்கூடும். ஆகவே ஒன்றரை மாதம் வரை பெட்டையோடு சேரவிடாமற் பார்த்துக்கொள்க. குணமாறுதலும் உடனே தெரியாது. சில வாரங்களிற் சிறிது சிறிதாகவே தணியும். காயடித்த நாய்க்குத் தீனி முன்போலவே போட்டால் உடல் பெருத்துவிடும். அளவைச் சற்றுக் குறைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

2023-ம் வருஷத்து மிருகக் கருத்தடை விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்விக்கும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனங்களைச் சார்ந்தது. கருத்தடையான நாய்க்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடுகிறார்கள். இவ்வேலையில் எண்ணிக்கைக்கு மதிப்பிருப்பதால், அவசரத்தில் ஒற்றை விரையோடு அகப்பட்ட நாயின் ஒரு விரையை எடுத்துக் காதையும் வெட்டி விட்டுவிட்டால், அது பிறகு பிடிபடவே போவதில்லை. பிடிபட்டாலும் காதைக் கண்டு விட்டுவிடுவர். கருத்தடை முகாமுக்கு ஏற்பாடு செய்யும் அதிகாரிகள், ஒற்றை விரையும் வெறும் பையுமான நாய்களைத் தனியே குறித்து வைத்து, வயிற்றைத் திறந்து தேடும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்வது நலம். இரண்டும் எடுக்கப்பட்டாலன்றிக் காதில் அடையாளம் இடுதல் கூடாது.

மற்றக் கால்நடைகளில்

கன்றுகளுக்கு இக்குறை அரிது. நேர்ந்தால் நாய்க்கு மாறாக இடப்புற விரையே பெரும்பாலும் தங்குகிறது. பர்டிசோ இடுக்கியால் காயடிக்கும்போது இரண்டு நரம்புக்கொடிகளையும் தனித்தனியே நசுக்குவது முறையாதலால், பையில் ஒன்றே அகப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு வைத்தியரை அழைக்கவேண்டும். ஒரு விரையை மட்டும் நசுக்கிய கன்று, எருதாகுமென்று எதிர்பார்க்கும் வயதில் காளையின் மூர்க்கத்தோடு நிற்கும். நுகத்தில் ஜோடிக்கு ஒத்துவராது. நாய்க்கு இவ்விடுக்கியை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. கல்லாலும் கட்டையாலும் நசுக்குவது எந்தப் பிராணிக்கும் செய்யத்தகாத கொடுமை.

கிடாக்குட்டிக்கு ரப்பர் வளையம் போடுவோர், வளையத்துக்குக் கீழே இரண்டு விரைகளும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்த பின்னரே வளையத்தை விடவேண்டும். நல்ல நிலையில் இறங்கிய விரையே சில சமயம் வளையத்துக்கு மேலே நழுவிவிடுவதுண்டு. அப்போது பை உதிர்ந்துபோகும், விரை தொடையிடுக்கில் நிற்கும். மந்தையில் பொலிகிடாவாக விடுவதற்கு ஒற்றை விரைக் கிடாவைத் தேர்ந்தெடுத்தல் கூடாது. எவ்வளவு வாட்டசாட்டமாயிருந்தாலும் சரி.

பன்றிகளில் இக்குறை அடிக்கடி காணப்படுகிறது. உள்ளே விரை தங்கிய பன்றியின் இறைச்சி, சமைக்கும்போது ஆண் பன்றிக்குரிய துர்நாற்றம் வீசுமாதலால் விலை போகாது. குதிரை வியாபாரத்தில் இது பழைய வழக்கு. வெளி விரையை மட்டும் எடுத்த குதிரையைக் காயடித்ததென்று சொல்லி விற்றுவிடுவர். வாங்கியவர் அதைப் பெண் குதிரைகளோடு கட்டிய பின்னரே உண்மை வெளிப்படும். காயடித்த எந்தப் பிராணியை விலைக்கு வாங்கினாலும், அதற்குச் சிகிச்சை செய்த வைத்தியரிடமிருந்து, விரைகள் இரண்டும் எடுக்கப்பட்டன என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுதல் வழக்கமாகவேண்டும். சீட்டில் எந்த விரை எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் குறிக்கப்பட்டிருக்குமாயின் மிகவும் நல்லது.